பெரியவர்களுக்கு வரும் டி செல் லுகேமியா: ஆபத்து தொடங்குவது எங்கே, முற்றுவது யாருக்கு

ரத்தப் புற்றுநோய் வந்தவர் முதலில் கேட்பது, "எனக்கு இது எதனால் வந்தது?" என்றுதான். பெரும்பாலான வகைகளுக்கு மருத்துவரிடம் நேரான பதில் இருக்காது. கதிர்வீச்சு, பென்சீன், முன்பு எடுத்த கீமோதெரபி, சில பரம்பரைக் கோளாறுகள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அதில் எதுவுமே பொருந்தாமல் போவதுதான் வழக்கம். இதற்கு விலக்காக ஓர் அரிய வகை இருக்கிறது. தொற்றோடு போராடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்லில் தொடங்கி, பெரியவர்களுக்கு வரும் டி செல் லுகேமியா, சுருக்கமாக ஏ.டி.எல். இதன் அடிப்படைக் காரணம் எச்.டி.எல்.வி-1 என்ற ஒரே வைரஸ். அந்த வைரஸ் உடலில் இல்லாதவருக்கு ஏ.டி.எல். வருவதில்லை. இருப்பவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் கடைசிவரை வருவதில்லை. அப்படியானால் மீதிப் பேருக்கு மட்டும் ஏன் வருகிறது? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வு இந்தக் கேள்விக்குத் தந்திருக்கும் பதில், மற்ற எந்த லுகேமியாவுக்கும் கிடைக்காத அளவு தெளிவானது.

1977-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் கியோஷி தகாட்சுகியின் குழு 16 நோயாளிகளைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டது. எல்லோரும் பெரியவர்கள். ரத்த ஸ்மியரில், அதாவது கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தத் துளியில், தெரிந்த வெள்ளை அணுக்களின் உட்கரு, இதழ் விரிந்த பூவைப் போல மடிப்பு மடிப்பாக இருந்தது. அந்த 16 பேரில் 13 பேர் பிறந்தது நாட்டின் தென்மேற்கே உள்ள கியூஷு தீவில். சிகிச்சைக்கு வந்த ஊர் எதுவானாலும் பிறந்த மண் ஒன்றாக இருந்தது. அப்படியானால் நோய்க்கான வித்து வாழ்வின் தொடக்கத்திலேயே விழுந்திருக்க வேண்டும். இந்தத் துப்பு சரியென்று விரைவிலேயே தெரிந்தது. 1980-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ராபர்ட் காலோவின் ஆய்வகம் எச்.டி.எல்.வி-1 வைரஸைப் பிரித்தெடுத்தது. தன் மரபுப்பொருளைச் செல்லின் மரபணுத் தொகுதிக்குள் பதிக்கும் ரெட்ரோவைரஸ் வகையில் மனிதரிடம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வைரஸ் அதுதான்; எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அதற்குப் பிறகே. 1981-ல் யோரியோ ஹினுமாவின் குழு ஏ.டி.எல். நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வகை வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டியது.

உலகில் குறைந்தது 50 லட்சம் முதல் ஒரு கோடிப் பேர் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள் என்பது ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்கள் உலகமெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. தென்மேற்கு ஜப்பான், கரீபியன் தீவுகள், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் சில பகுதிகள், ஈரானின் மஷ்ஹத் வட்டாரம், ருமேனியா, மத்திய ஆஸ்திரேலியாவின் பழங்குடிச் சமூகங்கள் என்று திட்டுத் திட்டாக இருக்கிறது. ஒரு கிராமத்தில் கணிசமானவர்களுக்கு இருக்கும், பக்கத்துக் கிராமத்தில் ஏறக்குறைய இருக்காது. பெரும்பாலும் தாயிடமிருந்து குழந்தைக்கும், கணவன் மனைவிக்கு இடையிலும் மெதுவாக நகரும் வைரஸ் இப்படித்தான் குடும்பங்களுக்குள் தேங்கிக் கிடக்கும்.

எந்த வயதில் தொற்றியது?

ஆபத்துக் காரணிகளில் முதலிடம் இதற்குத்தான். ஏ.டி.எல். வரும் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருமே குழந்தைப் பருவத்தில், தாய்ப்பால் வழியாக வைரஸைப் பெற்றவர்கள். வளர்ந்த பிறகு உடலுறவால் தொற்றியவருக்கு ஏ.டி.எல். வருவது மிக அரிது. ரத்தம் ஏற்றியதால் தொற்றியவர்களுக்கு வந்ததாகப் பதிவானவையும் சிலவே. அவர்களில் பலர் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தவர்கள். ஆனால் இதே வைரஸ் தரும் மற்றொரு நோயான முதுகுத்தண்டு அழற்சி, ரத்தம் ஏற்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே வரக்கூடும். கால்கள் மரத்து விறைத்து, சிறுநீர் கட்டுப்பாடு போய்விடும். ஒரே வைரஸ் என்றாலும் எப்போது, எந்த வழியாக நுழைந்தது என்பதைப் பொறுத்து நோய் மாறுகிறது.

தாய்ப்பால் ஏன்? இந்த வைரஸ் திரவத்தில் தனியாக மிதந்து தொற்றுவது அபூர்வம். உயிருள்ள, தொற்றுள்ள செல் ஒன்று மற்றொரு செல்லோடு ஒட்டி நின்றால்தான் கைமாறும். தாய்ப்பாலில் உயிருள்ள வெள்ளை அணுக்கள் நிறைய உண்டு. குழந்தை ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் அவை உள்ளே போகின்றன. முதல் சில மாதங்களில் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த எதிர்ப்பொருள் குழந்தையைக் காக்கிறது. அது தேய்ந்த பிறகும் பால் தொடர்ந்தால் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

இதைக் கணக்காகக் காட்டியது நாகசாகி மாகாணம். 1987-ல் அங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை செய்து, தொற்றுள்ள தாய்மார்களுக்கு உண்மையைச் சொல்லி, பாட்டில் பாலுக்கு மாற விருப்பம் கேட்கும் திட்டம் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் சுமார் 20 சதவீதத்தினருக்கு வைரஸ் தொற்றியது. பால் பவுடரில் மட்டும் வளர்ந்தவர்களில் அது சுமார் 2.5 சதவீதம். இந்த மிச்சம், தாய்ப்பால் அல்லாத வழியிலும், அதாவது கருவிலோ பிரசவத்தின்போதோ, சிறிதளவு தொற்று நடப்பதைக் காட்டுகிறது. நாடு முழுவதற்குமான கர்ப்பகாலப் பரிசோதனையை ஜப்பான் 2010-க்குப் பிறகுதான் கொண்டுவந்தது. நாகசாகி வழிகாட்டி இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகு என்பது வருத்தத்துக்குரியது. அந்த இடைவெளியில் தொற்றிய குழந்தைகளில் சிலருக்கு நோய் வெளிப்படப்போவது இந்த நூற்றாண்டின் நடுவில்தான்.

நடைமுறையில் தாய்க்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. முழுக்கப் பால் பவுடர். 90 நாளுக்குள் நிறுத்திவிடும் குறுகிய காலத் தாய்ப்பால். பீய்ச்சி எடுத்த பாலை உறையவைத்து, பிறகு உருக்கிக் கொடுப்பது. மூன்றாவது வழியின் தத்துவம் எளியது. பால் உறையும்போது அதிலுள்ள செல்கள் உடைந்து செத்துவிடும், செல் செத்தால் தொற்று இல்லை. சாதாரணக் குளிர்பெட்டியில் குளிரவைத்தால் மட்டும் போதாது. ஃப்ரீசரில் இரவு முழுதும் வைத்துக் கட்டியாக உறைந்திருக்க வேண்டும். இரண்டாவது வழி கேட்க எளிது, செய்யக் கடினம். பால் நன்றாகச் சுரந்துகொண்டிருக்கும் மூன்றாவது மாதத்தில் குழந்தையைப் பிரித்துப் பாட்டிலுக்குப் பழக்குவது தாய்க்கும் பிள்ளைக்கும் துன்பம். குறுகிய காலம் என்று முடிவெடுத்தவர்களில் கணிசமானோர் நான்காம் மாதத்திலும் கொடுத்துக்கொண்டிருப்பதை ஜப்பானிய ஆய்வுகளே காட்டுகின்றன. எனவே இந்த வழியைத் தேர்ந்தவருக்கு இரண்டாம் மாதத்திலிருந்தே செவிலியர் துணை வேண்டும். நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் பால் பவுடரைத் திணிப்பதும் சரியல்ல. அங்கே வயிற்றுப்போக்கில் குழந்தை இறக்கும் ஆபத்து, அறுபது ஆண்டு கழித்து வரக்கூடிய லுகேமியாவைவிடப் பல மடங்கு பெரியது.

அறுபது ஆண்டு எதற்காக?

தொற்றியவரின் வாழ்நாளில் ஏ.டி.எல். வரும் வாய்ப்பு, ஜப்பானியக் கணக்கின்படி ஆண்களுக்கு 6 முதல் 7 சதவீதம், பெண்களுக்கு 2 முதல் 3 சதவீதம். அங்கே நோய் கண்டறியப்படும் வயது இப்போது எழுபதை நெருங்குகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது நுழைந்த வைரஸ் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது?

வைரஸ் தன் மரபுப்பொருளை டி செல்லின் மரபணுத் தொகுதிக்குள் பதித்துவிடுகிறது. அதன் பிறகு புதிய வைரஸ் துகள்களை உற்பத்தி செய்வதைவிட, தான் குடியிருக்கும் செல்லைப் பிரியவைத்தே பெருகுகிறது. செல் இரண்டானால் வைரஸும் இரண்டு. அதனால்தான் எச்.ஐ.வி.க்குப் பலன் தரும் மருந்துகள், நீண்டகாலத் தொற்றாளரின் உடலிலிருந்து இதை விரட்ட உதவுவதில்லை. செல்லைப் பிரியத் தூண்டுவதில் வைரஸின் இரண்டு புரதங்கள் முக்கியமானவை. டாக்ஸ் என்பது வலுவான தூண்டி. ஆனால் உடலின் கொல்லி டி செல்கள் அதை எளிதில் அடையாளம் கண்டு தாக்கிவிடும். எச்.பி.இசட். என்பது மெதுவானது, ஓயாதது, எதிர்ப்பாற்றலின் கண்ணில் அவ்வளவாகப் படாதது. முற்றிய ஏ.டி.எல். செல்கள் பலவற்றில் டாக்ஸ் அணைந்திருக்கும், எச்.பி.இசட். மட்டும் தொடர்ந்து இயங்கும்.

இப்படி ஒரே செல்லிலிருந்து பிரிந்து பெருகி நீடித்து வாழும் செல் குலங்களில் ஆண்டுக்காண்டு மரபணுப் பிழைகள் சேர்கின்றன. 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 426 ஏ.டி.எல். நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பி.எல்.சி.ஜி.1, பி.ஆர்.கே.சி.பி., கார்ட்-11, சி.சி.ஆர்.4 ஆகியவற்றில் பிழைகள் திரும்பத் திரும்ப வந்தன. இவற்றில் பெரும்பாலானவை, டாக்ஸ் புரதம் முடுக்கிவிடும் அதே சமிக்ஞைப் பாதையில் இருப்பவை. அதாவது ஆரம்பத்தில் வைரஸ் செய்த வேலையைப் பிற்பாடு செல்லின் சொந்தப் பிழைகளே எடுத்துக்கொள்கின்றன. ஒரே குலத்தில் இத்தகைய பிழைகள் போதுமான அளவு சேரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வயது ஏன் இவ்வளவு வலுவான ஆபத்துக் காரணி என்பதற்கும், சிறுவயதில் தொற்றியவரே ஏன் மாட்டிக்கொள்கிறார் என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. ஐம்பது வயதில் தொற்றியவருக்கு அந்தக் கால அவகாசம் இல்லை.

ஆண்களுக்கு ஆபத்து அதிகமாகத் தெரிவதிலும் இதற்குப் பங்குண்டு. தொற்றாளர்களில் பெண்களே அதிகம், ஏனெனில் ஆணிடமிருந்து பெண்ணுக்கு உடலுறவு வழியாக எளிதில் பரவுகிறது. ஆனால் அப்படி வளர்ந்த வயதில் தொற்றிய பெண்களுக்கு ஏ.டி.எல். அநேகமாக வருவதில்லை. அவர்களும் கணக்கில் சேரும்போது பெண்களின் சதவீதம் இறங்கிவிடுகிறது.

அளந்து சொல்லக்கூடிய ஒரே எண்

ஒரு தொற்றாளரைப் பார்த்து "இவருக்கு வாய்ப்பு அதிகம், இவருக்குக் குறைவு" என்று சொல்ல இன்று கையில் உள்ள சிறந்த அளவு புரோவைரஸ் சுமை. செல்லின் மரபணுத் தொகுதிக்குள் பதிந்துவிட்ட வைரஸ்தான் புரோவைரஸ். ரத்தத்தில் ஒற்றை உட்கரு கொண்ட வெள்ளை அணுக்கள் நூற்றில் எத்தனை வைரஸ் பிரதிகள் உள்ளன என்பதுதான் அந்த எண். மரபுப்பொருளைப் பல மடங்காக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் அளக்கிறார்கள். 2010-ல் வெளியான ஜப்பானியக் கூட்டாய்வில், அறிகுறி எதுவும் இல்லாத 1,218 தொற்றாளர்கள் கண்காணிக்கப்பட்டார்கள். அவர்களில் 14 பேருக்கு ஏ.டி.எல். வந்தது. அந்த 14 பேருக்கும் தொடக்கத்திலேயே சுமை 100 செல்லுக்கு 4-க்கு மேல் இருந்தது. நான்குக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. உயர்ந்த சுமையோடு, முதிர்ந்த வயது, குடும்பத்தில் ஏ.டி.எல். வந்த வரலாறு, வேறு நோய்க்குச் சிகிச்சை பெறும்போது முதன்முதலாகத் தொற்று தெரியவந்தது ஆகிய மூன்றும் தனித்தனியே ஆபத்தைக் கூட்டின.

இந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். நான்கைத் தாண்டியவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. அந்த எண் நோயறிக்கை ஆகாது. யாரை நெருங்கிக் கவனிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. கண்காணிப்புக் காலமும் குறுகியது. தவிர, ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளக்கும் முறை மாறுவதால் ஓரிடத்தின் 4 இன்னோரிடத்தில் 6 ஆகலாம். ஒரே தொற்றாளரைத் தொடர்ந்து பார்ப்பதானால் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் அளக்க வேண்டும்.

சுமையை ஏற்றுபவை எவை? ஒருவரின் எச்.எல்.ஏ. வகை ஒன்று. எச்.எல்.ஏ. என்பது செல்லுக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை எதிர்ப்பாற்றலுக்கு எடுத்துக்காட்டும் புரதம். வைரஸின் புரதத் துண்டுகளைக் கொல்லி செல்களுக்கு நன்றாகக் காட்டிக்கொடுக்கும் வகை அமைந்தவருக்குச் சுமை குறைவாக இருக்கும். இது பிறப்போடு வருவது, மாற்ற முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு மேல் ஏ.டி.எல். வருவதற்குத் தாயின் வைரஸோடு இந்தப் பரம்பரையும் சேர்ந்துகொள்வது காரணமாக இருக்கலாம்.

மாற்றக்கூடியது ஒன்று உண்டு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற, மண்ணிலிருந்து தொற்றும் குடற்புழு. வெறுங்காலின் தோல் வழியாக நுழைந்து, குடலுக்குள்ளேயே சுற்றுச் சுற்றாகப் பெருகிப் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. எச்.டி.எல்.வி-1 உள்ளவரிடம் புழுவை அடக்கும் எதிர்ப்பு வகை மந்தமாகிவிடுகிறது. அதேவேளை புழுவின் தூண்டுதலால் தொற்றுள்ள டி செல்கள் பெருகி, புரோவைரஸ் சுமை ஏறுகிறது. ஒகினாவாவிலும் கரீபியனிலும் இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன. கரீபியன், தென் அமெரிக்க நோயாளிகளுக்கு ஜப்பானைவிட இருபது ஆண்டுவரை முன்னதாக ஏ.டி.எல். வருவதில் இதற்குப் பங்கு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது. ஐவர்மெக்டின், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. இவர்களிடம் ஒரே முறை கொடுத்தால் புழு மிஞ்சுவது அதிகம், அதனால் திரும்பக் கொடுத்து, மலப் பரிசோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும். மிகப் பெரிய தவறு நடப்பது ஸ்டீராய்டில். வேறு நோய்க்காகப் புழு இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு தொடங்கினால் புழுக்கள் நுரையீரல், ரத்தம், மூளை என்று பரவி உயிரைப் பறிக்கும்.

ஜமைக்காவில் குழந்தைகளிடம் முதலில் விவரிக்கப்பட்ட தொற்றுத் தோல் அழற்சியும் ஓர் எச்சரிக்கை. தலை, காது மடலின் பின்புறம், மூக்குத் துவாரத்தைச் சுற்றி நீர் கசிந்து பொருக்குத் தட்டும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இது வந்த குழந்தைகளுக்குச் சுமை உயர்ந்திருக்கும், பிற்காலத்தில் ஏ.டி.எல். வரும் வாய்ப்பும் கூடுதல்.

உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகான மருந்துகள், நீண்டகால ஸ்டீராய்டு, மூட்டுவாதத்துக்கான உயிரியல் மருந்துகள் ஆகியவற்றின்போது ஏ.டி.எல். வெளிப்பட்ட நோயாளிகள் பதிவாகியுள்ளனர். தொற்றுள்ளவரின் சிறுநீரகத்தைத் தொற்றில்லாதவருக்குப் பொருத்துவதை ஜப்பானிய வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. பெற்றவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே முதுகுத்தண்டு நோய் வந்ததே அதற்கு முக்கியக் காரணம்.

ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, ஒரே குளத்தில் குளிப்பது, கொசுக்கடி எதுவும் இதைப் பரப்பாது. தொற்றாளர் என்று தெரிந்தவரை வீட்டில் ஒதுக்கிவைக்க ஒரு காரணமும் இல்லை.

ரத்தமும் பரிசோதனையும்

செல்கள் உள்ள ரத்தத்தை, அதாவது முழு ரத்தம், சிவப்பணு, தட்டணு ஆகியவற்றைத் தொற்றுள்ளவரிடமிருந்து பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதத்தினருக்கு வைரஸ் தொற்றுகிறது. பிளாஸ்மாவில் உயிருள்ள செல் கிட்டத்தட்ட இல்லாததால் அதன் வழியாகத் தொற்றுவதில்லை. வெள்ளை அணுவை வடிகட்டி நீக்குவது ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. ஜப்பான் 1986-லும் அமெரிக்கா 1988-லும் தானம் செய்யப்படும் ரத்தத்தை இதற்காகப் பரிசோதிக்கத் தொடங்கின. இந்தியாவில் கட்டாயப் பரிசோதனைகள் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கு மட்டுமே. இங்கே இந்த வைரஸ் குறைவு என்பதால் எல்லா ரத்தத்தையும் சோதிப்பது வீண் செலவு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா குழந்தைகளுக்காவது வெள்ளை அணு வடிகட்டிய ரத்தம் தவறாமல் கிடைக்க வேண்டும்.

எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவ் என்றால் அது முதல் படி மட்டுமே. லைன் இம்யூனோ அசே அல்லது வெஸ்டர்ன் பிளாட் என்ற, இன்னும் துல்லியமான எதிர்ப்பொருள் சோதனை மூலம் உறுதி செய்ய வேண்டும். அங்கேயும் முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தால் பி.சி.ஆர். தேவை. தொற்று அரிதாக உள்ள இடங்களில் முதல் சோதனையில் பாசிட்டிவ் வருபவர்களில் பலருக்கு உண்மையில் வைரஸ் இருக்காது. உறுதி செய்வதற்கு முன்பே ஒரு கர்ப்பிணியிடம் தாய்ப்பால் கொடுக்காதே என்று சொல்வது மன்னிக்க முடியாத அவசரம். குழந்தையைச் சோதிப்பதிலும் பொறுமை வேண்டும். தாயின் எதிர்ப்பொருள் ஒரு வயதைத் தாண்டியும் குழந்தையின் ரத்தத்தில் இருக்கலாம் என்பதால், ஜப்பானில் மூன்று வயதில்தான் சோதிக்கிறார்கள். ஒருவருக்கு ஏ.டி.எல். என்று தெரிந்தால், தாய் இருந்தால் முதலில் தாயையும், பிறகு உடன்பிறந்தவர்களையும், வாழ்க்கைத் துணையையும் சோதிப்பது முறை. அவர்கள் விரும்பினால் மட்டும்.

உறுதியான தொற்றாளருக்கு வைரஸை நீக்கும் மருந்தோ தடுப்பூசியோ இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அணு எண்ணிக்கையோடு ஸ்மியரை மனிதக் கண்ணால் பார்ப்பது, செல்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் எல்.டி.எச். என்ற நொதியையும் கால்சியத்தையும் அளப்பது, தோலையும் நெறிக்கட்டுகளையும் தொட்டுப் பார்ப்பது என்ற அளவில் கண்காணிப்பு போதும். எந்திரம் தரும் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் பூ வடிவ அணுக்கள் தப்பிவிடும். ஸ்மியரில் 5 சதவீதமோ அதற்கு மேலோ மாறுபட்ட லிம்போசைட்டுகள் தெரிந்தால் ரத்தப் புற்றுநோய் நிபுணரிடம் போக வேண்டிய நேரம்.

முன்னதாகப் பார்ப்பதில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, 2000-களில் கண்டறியப்பட்ட ஜப்பானிய நோயாளிகளின் கணக்கு இது. ஏ.டி.எல். நான்கு வகைப்படும். தீவிர வகையில் இடைநிலை வாழ்நாள் சுமார் 8 மாதம், நிணநீர்க் கட்டி வகையில் 11 மாதத்துக்குச் சற்றுக் குறைவு, நாள்பட்ட வகையில் 31 மாதத்துக்கு மேல், மிக மெதுவாக நகரும் 'புகையும்' வகையில் 55 மாதம். பின்னிரண்டில் சில எந்த நேரமும் தீவிரமாக மாறக்கூடும். மாறும் தருணத்தைப் பிடித்தால் ஏ.டி.எல். செல்களைக் குறிவைக்கும் மொகாமுலிசுமாப் போன்ற மருந்துக்கும், தகுதியானவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுக்கும் நேரம் கிடைக்கும்.

தென்னிந்தியாவிலிருந்தும் ஏ.டி.எல். நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டிய சேர்க்கை இது: நடுவயதைத் தாண்டியவர், டி செல் வகை லிம்போமா அல்லது லுகேமியா, விடாத தோல் தடிப்புகள், காரணமில்லாமல் ஏறிய கால்சியம். கால்சியம் ஏறினால் தீராத தாகம், மலச்சிக்கல், சோர்வு, குழப்பம் என்று தெரியும், முதியவரிடம் இவற்றை வயோதிகம் என்று தள்ளிவிடுவது எளிது. இப்படிப்பட்டவருக்கு எச்.டி.எல்.வி-1 சோதனை செய்யாமல் சாதாரண டி செல் லிம்போமா என்று எழுதி சிகிச்சை தொடங்கினால் மருந்துத் தேர்வும் தவறும், புழுவுக்கான முன்னெச்சரிக்கையும் விடுபடும், வீட்டில் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் அவருடைய மகளைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.